குறுமனிதனுக்கு ஏன் ஆணுடல்?

தோலின் உணர்வு மூளையில் எவ்வாறு பதிகிறது என்பதை விளக்க உடலியல் நூல்கள் சலிக்காமல் அச்சிடும் படம் ஒன்று உண்டு. பருத்த உதடுகள், பெருத்த கைகள், ஒடுங்கிய முதுகு: 'ஹோமங்குலஸ்'. அவ்விகாரத்திற்குக் காரணம் இருக்கிறது. விரல்நுனியில் உணர்வேற்பிகள் செறிந்துள்ளன, முதுகில் அருகியுள்ளன. மூளைப் புறணியின் பரப்பும் அதற்கேற்பவே பங்கிடப்படுகிறது. ஆனால் அவ்வுருவம் ஆணாக இருப்பதற்கு நரம்பியலில் காரணம் ஏதுமில்லை.

மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் 1937இல் வெளியிட்ட ஆய்வே இதன் மூலம். விழித்திருந்த நோயாளியின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தீண்டி, உடலில் எங்கே உணர்கிறீர் என்று கேட்டனர். நோயாளி வாய்திறந்து சொன்னதே தரவு. அறுவை அரங்கில், அந்நியர் சூழ, எத்தனை பெண்கள் மார்பகத்தையும் யோனியையும் பெயர்சொல்லிச் சுட்டியிருப்பர்? 1950இல் வெளிவந்த புகழ்பெற்ற வடிவத்தில் ஆண்குறி உண்டு. மார்பகமும் யோனியும் இல்லை.

லத்தீனில் அச்சொல் இலக்கண அளவில்தான் ஆண்பால். ஓவியம் அதற்கு ஆணுடலே கொடுத்துவிட்டது. (தமிழில் 'குறுமனிதன்' என்போர் அன் விகுதியையும் சேர்த்தே வழங்குகின்றனர்.)

தரவில்லை என்னும் சமாதானம் இனிச் செல்லாது. 2011இல் பாரி கோமிசருக் குழுவினர் கிளிட்டோரிஸ், யோனி, கருப்பைவாய் ஆகியவற்றுக்குரிய இடங்களை மூளைப் படங்களில் காட்டினர். முலைக்காம்பின் தூண்டலும் அப்பகுதியையே எட்டியது. பின்னர் பெர்லின் ஆய்வாளர்கள் 20 பெண்களிடம் கிளிட்டோரிசின் இடத்தைத் தனித்தனியே குறித்தனர். பென்ஃபீல்டு வரைந்ததுபோல் கால்விரலுக்கு அடியில் அன்று, இடுப்பின் அருகில்.

மார்பக அறுவைக்குப்பின் உணர்விழந்த பெண் காரணம் கேட்டால், அப்பழைய படத்தை மனனம் செய்த மருத்துவர் அதில் எவ்விடத்தைச் சுட்டுவார்?