எந்தக் கேள்விக்கு முதலில் விடை வேண்டும்?

பல்கலைக்கழக வளாகங்களிலிருந்து புறப்படும் புத்தொழில் நிறுவனர்களுக்கு நேர மேலாண்மை குறித்து அறிவுரை கூறுவோர் ஏராளம். அதிகாலையில் எழுவது, பணிகளைப் பட்டியலிடுவது, அவசரமானதையும் முக்கியமானதையும் நான்கு கட்டங்களுக்குள் பிரித்து எழுதுவது என அவ்வறிவுரைகள் நீளும். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பெயரால் வழங்கும் அந்த நான்கு கட்ட அட்டவணை, நிலைபெற்ற ஓர் அலுவலகத்துக்குப் பெரிதும் பயன்படும். எது முக்கியம் என்பது அங்கே முன்பே தெரிந்திருக்கும். புத்தொழிலில் தெரியாதிருப்பதே அதுதான்.

பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் இடரையும் நிச்சயமின்மையையும் வேறுபடுத்திக் காட்டினார். நிகழ்தகவைக் கணக்கிட இயல்வது இடர். கணக்கிடவே இயலாதது நிச்சயமின்மை. தொழில்முனைவோர் ஈட்டும் இலாபம், இரண்டாவதைச் சுமப்பதால் வருவது என்பது அவர் வாதம். இதை ஏற்றால் முன்னுரிமைக்கான அளவுகோலே மாறிவிடுகிறது. வேலைகளை வரிசைப்படுத்துவதற்கு முன், விடை தெரியாத கேள்விகளை வரிசைப்படுத்துவது நிறுவனரின் கடமையாகிறது. எந்தக் கேள்விக்குப் பாதகமான விடை கிடைத்தால் ஏனைய வேலைகள் அனைத்தும் பொருளிழக்குமோ, அக்கேள்வியே வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். மண்ணின் ஈரத்தை அளந்து, தேவைப்படும்போது மட்டும் பம்புசெட்டை இயக்கும் கருவி ஒன்றை ஆய்வு மாணவர் குழு உருவாக்குகிறது. உணரியின் துல்லியத்தைக் கூட்டுவதில் ஓராண்டு செல்கிறது. செல்பேசிச் செயலி, நிறுவனப் பதிவு, இலச்சினை, இணையதளம் ஆகியவற்றில் மேலும் ஆறு மாதங்கள் செல்கின்றன. பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். பம்பைக் குறைந்த நேரம் இயக்குவதால் அங்குள்ள உழவரின் மின்கட்டணம் குறையப் போவதில்லை. நிலத்தடி நீர் மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பயன் ஊர் முழுவதற்கும் உரியது, கருவியின் விலையோ ஒருவர் தலையில் விழுவது. அப்படியாயின் இதற்குப் பணம் தரப்போவது யார்? உழவரா, அரசா, சொட்டுநீர்ப் பாசன நிறுவனமா? பத்து உழவர்களிடமும் இரண்டு அலுவலகங்களிலும் ஒரு வாரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இக்கேள்வி முதல் மாதத்திலேயே எழுந்திருக்கும். குழுவில் யாரும் சோம்பியிருக்கவில்லை. உழைப்பின் வரிசைதான் பிழைத்தது.

‘வாடிக்கையாளரே முதலில்’ என்னும் முழக்கத்தை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவிதியாக்குவதும் சரியாகாது. முதற்கேள்வி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 2007இல் பெங்களூரில் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பிளிப்கார்ட்டைத் தொடங்கியபோது, இணையத்தில் ஒரு பொருளை விற்க இயலுமா என்ற தொழில்நுட்பக் கேள்விக்கு உலகம் விடை கண்டிருந்தது. கண்ணால் காணாத கடைக்கு இந்தியர்கள் முன்பணம் அனுப்புவார்களா என்பதே விடையில்லாத கேள்வி. அவர்கள் புத்தகத்தில் தொடங்கினார்கள். விலை குறைவு, எளிதில் உடையாது, எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே நூல். கடன் அட்டை வைத்திருப்போர் சிலராகவும் இணையவழிப் பணம் செலுத்தத் தயங்குவோர் பலராகவும் இருந்த நாட்டில், 2010இல் அறிமுகப்படுத்திய ‘பொருள் கைக்கு வந்தபின் பணம்’ என்னும் முறை அந்த நம்பிக்கைச் சிக்கலுக்கு நேரடியான விடையாக அமைந்தது.

2013இல் சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர்கள் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் தொடங்கிய ஏதர் எனர்ஜியின் முதற்கேள்வி வேறு. நல்ல மின்ஸ்கூட்டரை உருவாக்கினாலும், வழியில் மின்னேற்ற இடமில்லாவிட்டால் அதை வாங்குவோர் இரார். 2018இல் அந்நிறுவனம் விற்பனையைப் பெங்களூர் என்ற ஒரே நகரத்தில் தொடங்கியது. மின்னேற்ற நிலையங்களை அங்கே தானே நிறுவியது. சென்னைக்கு வந்தது 2019இல்தான். நாடு முழுவதும் ஒரே நாளில் கடை விரிக்காமல், ஒரு நகரத்தில் விடையைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த நகரத்துக்குச் செல்லும் வரிசை இது.

சென்னை ஐஐடியில் 2017இல் தோன்றிய அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனத்துக்கோ தொழில்நுட்பமே முதற்கேள்வி. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்க்கப்படும் எஞ்சின் எரிந்து உந்துமா என்பது தெரியாதவரை, செயற்கைக்கோள் நிறுவனங்களுடன் விலை பேசுவதில் பொருளில்லை. எஞ்சின் முதலில் தரையில் சோதிக்கப்பட்டது. பலமுறை ஒத்திவைக்கப்பட்ட பின், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலுள்ள அதன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட் பறந்தது. அங்கே நம்பிக்கை, இங்கே மின்னேற்றம், மற்றோரிடத்தில் எஞ்சின்: மூன்று நிறுவனங்களின் முதற்கேள்விகளும் வேறு. நிறுவனத்தின் உயிரைப் பறிக்கவல்ல கேள்வியைத் தேடிப் பிடிப்பது மூன்றுக்கும் பொது.

இது இவ்வளவு தெளிவானதெனில், கல்விப்புலத்திலிருந்து வரும் நிறுவனர்கள் ஏன் இதைத் தவற விடுகிறார்கள்? ஆய்வுப் பயிற்சியே ஒரு காரணம். தெரிந்த களத்தில் மேலும் ஆழமாகச் செல்வதை ஆய்வுலகம் பாராட்டுகிறது. உணரியின் துல்லியம் கூடினால் ஒரு கட்டுரை கிடைக்கும். உழவர் வாங்க மறுத்தார் என்ற செய்திக்கு ஆய்விதழில் இடம் கிடைப்பது அரிது. எலியாகு கோல்ட்ராட் 1984இல் வெளியான தம் நூலில் ஆலை உற்பத்தியைப் பற்றிக் கூறியது இங்கும் பொருந்தும்: நெருக்கடியான இடத்தைத் தவிர வேறெங்கு வேகத்தைக் கூட்டினாலும் ஆலையின் மொத்த உற்பத்தி கூடுவதில்லை.

இரண்டாவது காரணம் நிறுவனர்களுடையது அன்று, கல்வி நிறுவனங்களுடையது. தேசியத் தரவரிசையில் காப்புரிமைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. வளாகத்தில் எத்தனை ஸ்டார்ட்அப்கள், எத்தனை பரிசுகள் என்பவை ஆண்டறிக்கைகளை அலங்கரிக்கின்றன. ஆகவே மாணவ நிறுவனர் மாதத்துக்கொரு போட்டிக்கும், வருகை தரும் ஒவ்வொரு விருந்தினருக்குமான செயல்விளக்கத்துக்கும் அழைக்கப்படுகிறார். ஒன்றிய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம் 2021இல் தொடங்கியது. அதன்வழி 20 இலட்சம் ரூபாய் வரையிலான மானியம், குறித்த இலக்குகளை எட்டுவதற்கேற்பத் தவணைகளாக வழங்கப்படுகிறது. தவணை முறை நல்லதே. இலக்கு என்பது ‘கருவி முடிந்தது’ என்று மட்டும் எழுதப்பட்டால், கருவி முடியும். வாங்குவோர் உண்டா என்ற கேள்வி அப்படியே கிடக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். சம்பளம், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், நிறுவனப் பதிவாளருக்கான ஆண்டு ஆவணங்கள் ஆகியவற்றைத் தள்ளிப்போட்டால் அபராதம் வரும். கண்டுபிடிப்பை ஆய்விதழில் வெளியிட்ட பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் உரிமையே கைநழுவக்கூடும். மறுப்பு நியாயமானது. மீட்க முடியாத இழப்பைத் தரும் வேலைகள், பெரிய கேள்விக்கு விடை தராவிட்டாலும், உரிய நாளில் முடிக்கப்பட வேண்டியவை. அவற்றுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். கணக்காளர் போன்றவரிடம் ஒப்படைக்கலாம். ஏனைய நாட்களையும் அவையே விழுங்கிவிடாமல் காப்பதுதான் நிறுவனரின் பொறுப்பு.

எஞ்சிய நாட்களுக்கு மூன்று வினாக்கள் போதும். இது பொய்த்தால் முழு முயற்சியும் வீழுமா? மிகக் குறைந்த பணத்திலும் நாட்களிலும் இதற்கு விடை காண வழி என்ன? விடை பாதகமாக வந்தால் ஏற்படும் இழப்பைத் தாங்க இயலுமா? மூன்றாவது வினா, அனுபவமிக்க தொழில்முனைவோரின் சிந்தனையை ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி வலியுறுத்தியது. கிடைக்கப்போகும் வருவாயைக் கணிப்பதில் தொடங்காமல், எவ்வளவு இழக்கத் தயார் என்பதிலிருந்து அவர்கள் முடிவெடுப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

கல்வி நிறுவனங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தவணையின் இலக்கையும் ஒரு கேள்வியாக எழுதச் சொல்லலாம். நேர்மையான ஆய்வுக்குப் பின் ‘இல்லை’ என்ற விடையுடன் வரும் குழுவையும் இலக்கை எட்டியதாகவே கொள்ளலாம். ஆய்வில் எதிர்மறை முடிவுக்கு மதிப்புண்டு என வகுப்பறையில் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு இது புதிய கொள்கை ஆகாது.

ஓர் ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் யுஜிசி உதவித்தொகை ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே. அக்காலத்துக்குள் ஆய்வேட்டையும் நிறுவனத்தையும் ஒருசேரச் சுமப்பவர், வாங்குவோர் இல்லை என்பதை முதல் மாதத்தில் அறிந்தால் வேறு பாதையில் திரும்பலாம். நான்காம் ஆண்டில் அறிந்தால் திரும்புவதற்கான காலம் அவரிடம் இராது.