எடுத்தவருக்கும் அதே வசதி



பெட்ரோல் பங்கில் கார்டைக் கருவிமேல் காட்டினால் போதும், பணம் போய்விடுகிறது. பின் நம்பர் கேட்பதில்லை. பின் இல்லாமல் ஒரு முறை செலுத்தும் தொகைக்கு 2,000 ரூபாயாக இருந்த வரம்பை ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி முதல் 5,000 ஆக்கியது. கார்டு தொலைந்தால், கண்டெடுத்தவருக்கும் அதே வசதிதான். கைபேசியில் பதிந்து வைத்த கார்டு பரவாயில்லை: பொதுவாகத் திரைப் பூட்டைத் திறக்க வேண்டும், கடைக்காரருக்கு உண்மையான கார்டு எண் போகாது, மாற்று எண்தான்.

கார்டைக் காட்டிச் செலுத்தும் வசதியை வங்கிச் செயலியில் நாமே நிறுத்தலாம், வரம்பையும் குறைக்கலாம். ஆனால் அந்தப் பொத்தான் எந்த மெனுவுக்கு அடியில் கிடக்கிறதோ! கடன் அட்டை விற்க மட்டும் தவறாமல் போன் வருகிறது. ஓய்வூதியர்கள் பாஸ்புக் பதிய வரும்போது, கவுன்ட்டரிலேயே கேட்டு வரம்பை மாற்றிக் கொடுக்க வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், திருச்சி