தன் கணக்கைத் தானே காட்டுக!

பிறப்புச் சான்றுக்கும் குடிநீர் இணைப்புக்கும் வீட்டு வரிப் பெயர் மாற்றத்திற்கும் மக்கள் முதலில் ஏறும் படி உள்ளாட்சி அலுவலகத்தின் படியே. அங்கே இருக்கை வெறுமையாய்க் கிடப்பின் ஏழைக்கு ஒருநாட் கூலி இழப்பு. 'நாளை வா' என்னும் சொல்லோ பலகால் கையூட்டுக்கு விடுக்கும் அழைப்பு. ஆகவே, உள்ளாட்சிப் பணியாளரிடை ஒழுங்கு வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. அதனை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதே கேள்வி.

இன்று வழக்கிலுள்ள கருவிகள் மூன்று. ஒன்று, இடமாற்றம். இது குற்றத்தை ஓர் ஊரினின்று இன்னோர் ஊர்க்கு ஏற்றி அனுப்புவதே. பின்வந்தவரோ, 'அக்கோப்பு என் காலத்ததன்று' எனக் கைவிரிப்பார். இரண்டு, தற்காலிகப் பணிநீக்கம். உசாவல் முடியாது நீளுங்கால், குற்றமுடையவன் வேலை செய்யாமலே பிழைப்பூதியம் பெறுகின்றான்; குற்றமற்றவன் பழி சுமந்து நைகின்றான். மூன்று திங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாவிடின் அந்நீக்கம் மேலும் நீளலாகாது என 2015-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. மூன்று, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரை உசாவலே இன்றி நிறுத்திவிடுதல். விடியுமுன் வந்து பெயர் பதிவோர் சற்றே பிந்தினும் கூலி இழக்க, பதினொரு மணிக்கு வரும் மேலோரைக் கேட்பாரில்லை. கீழ்நோக்கி மட்டும் பாயும் ஒழுங்கு ஒழுங்கன்று, ஒடுக்குமுறை!

இம்மூன்றிலும் இல்லாதது ஒன்றுண்டு. அது, செய்தவனே விடைசொல்லுதல். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இந்நெறியை அன்றே வகுத்துள்ளன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். கணக்கெழுதியவன் தன் கணக்கைத் தானே காட்டவேண்டும். பிறனொருவன் புகுந்து முடித்தல் கூடாது. அது பார்ப்பனர்க்குரிய ஊர். நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அவ்வவையில் இடம். அவ்வேற்றத்தாழ்வு நமக்கு வேண்டா. அக்கணக்கு நெறியே வேண்டும்.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கிராம சபை எனப்படும் ஊரவையை நமக்கு அளித்துள்ளது. 2022 முதல் அது ஆண்டுக்கு 6 நாள் கூடவேண்டும் என்பது ஏற்பாடு. வரவு செலவு மட்டுமன்று, தேங்கிக் கிடக்கும் முறையீடுகளின் பட்டியலையும் உரிய பணியாளரே அங்கு எழுந்து படிக்கட்டும். காலத்தாழ்வுக்குக் கரணியம் சொல்லட்டும். பணியிடம் நிரப்பப்படாமையே கரணியமாயின், மேலலுவலர் விடை சொல்லட்டும். இடமாற்றம் பெறுவோர் தம் கோப்புக் கணக்கை முடித்த பின்னரே செல்லட்டும். ஒறுப்பு வேண்டுமாயின், பெரியவர் சிறியவர் எனப் பாராது, முறையாக உசாவி, விரைந்து அளிக்கட்டும். நகரங்களின் பகுதி சபைகட்கும் இது பொருந்தும்.

வரி கொடுப்போன் மன்றாடி நிற்பதும், அவ்வரியில் ஊதியம் பெறுவோன் கேட்பாரின்றி வீற்றிருப்பதும் மக்களாட்சி ஆகா. தமிழ் மக்களே, அடுத்த ஊரவைக்குத் தவறாது செல்லுங்கள், கணக்குக் கேளுங்கள்!