வீழ்ந்த மரமும் வாழும் மரமும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் அவ்வாறே வீழ்த்தியது. இவ்வாறு புயல் தாக்கிய நிலத்தைப் புதிதாக வாங்குவோர் பலர், பத்திரப்பதிவு முடிந்ததும் முதலில் அழைப்பது பொக்லைன் எந்திரத்தையே. சாய்ந்தது, ஒடிந்தது, இலையுதிர்ந்து நிற்பது என வேறுபாடு பாராமல் அனைத்தையும் பெயர்த்தெறிந்து நிலத்தைச் சமன்செய்கின்றனர். இது பொருந்தாச் செயல் என்பதே என் கருத்து.

மரங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தென்னைக்கு வளரும் குருத்து ஒன்றே. அது முறிந்தால் மரம் பிழைக்காது. வேம்பு, புளி, பூவரசு போன்றவற்றுக்கோ பட்டையின் அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. கிளைகள் முறிந்த வேம்பு மீண்டும் தளிர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்த்தால், உயிருள்ள மரத்தில் பசுமை தெரியும். இலையிழந்த மரம் இறந்த மரம் அன்று.

ஆகவே, புதிய உரிமையாளர் மரங்களை மூவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். குருத்து முறிந்த தென்னையும், அடிமரம் பிளந்து வீட்டின்மீதோ வழியிலோ விழக்கூடிய மரமும் அகற்றத்தக்கவை. வீழ்ந்த தென்னையைத் தோப்பிலேயே மட்கவிடுதல் கூடாது. காண்டாமிருக வண்டு அதில் பெருகி, பிழைத்த தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். மின்கம்பியில் சிக்கிய கிளையை மின்வாரியப் பணியாளர் வரும்வரை தொடலாகாது.

கிளை மட்டும் ஒடிந்தவை காக்கத்தக்கவை. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் தடித்த வளையம் இருக்கும். அதைக் காயப்படுத்தாமல், அதன் விளிம்பை ஒட்டி அறுத்தால் புண் விரைவில் மூடும். சாய்ந்த இளங்கன்றுகளை மண்ணின் ஈரம் காயுமுன் நிமிர்த்தி, வேரை மூடி, முட்டுக் கொடுக்கலாம். ஐயத்துக்குரிய ஏனைய மரங்களுக்கு ஒரு பருவமழைக் காலமேனும் அவகாசம் தருதல் வேண்டும்.

“காத்திருந்தால் வருவாய் என்னாவது?” எனச் சிலர் கேட்பர். கடன் பெற்று நிலம் வாங்கியவரின் இக்கவலை நியாயமானதே. ஆயினும், இன்று நடும் நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஓராண்டுப் பொறுமையால் காய்த்துக்கொண்டிருந்த ஒரு மாமரம் பிழைக்குமெனில், அது இழப்பன்று. இடைவெளிகளில் கன்று நடுவதற்கும் உளுந்து விதைப்பதற்கும் அம்மரம் தடையாகாது.

மாணவர்களே! பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லைகள் எழுதப்பட்டிருக்கும். எந்த மரம் முன்பும் சாய்ந்து தழைத்தது என்பதோ அந்நிலத்தில் உழைத்த முதியவரின் நினைவில்தான் இருக்கும். நாளை நீங்கள் நிலம் வாங்க நேர்ந்தால், எந்திரத்தை அழைக்குமுன் அவரை அழைத்து, ஒருமுறை தோப்பைச் சுற்றி வாருங்கள்.