தொடாமல் வைத்தால் பத்திரமா?

“ஓடிக்கிட்டு இருக்கறதை நோண்டாதப்பா.” சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை அலுவலகம், அச்சகம், லாரி புக்கிங் ஆபீஸ், ஆடிட்டர் அறை என்று எங்கே போய்ப் பிரவுசரைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். அண்ணாச்சி இதைச் சிக்கனம் என்பார். கணக்குப்பிள்ளை அனுபவம் என்பார். சர்வீஸுக்கு வரும் தம்பி ஒரு படி மேலே போய் அப்டேட்டையே முடக்கிவிட்டு, “இனிமே தொந்தரவு பண்ணாதுண்ணே” என்று கூலி வாங்கிக்கொண்டு கிளம்புவார். மூவரும் நம்புவது ஒரே பொய்யை: தொடாமல் வைத்த பொருள் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும்.

இந்தப் பொய்யை நம்ப எந்த ஊருக்கு உரிமை இருந்தாலும் சிவகாசிக்கு இல்லை. மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பார்கள். ராத்திரி யாரும் அதைத் தொடுவதில்லைதான். ஆனாலும் காற்றின் ஈரம் ஏறி, உள்ளே இருக்கும் அலுமினியப் பொடி சூடாகி, காலையில் அது நேற்றைய மருந்தாக இருப்பதில்லை. கம்ப்யூட்டரில் போவது பணமும் தகவலும்தான், உயிர் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த நான் வரவில்லை. ஆனால் தொடாததாலேயே ஒன்று பத்திரமாக இருக்காது என்ற பாடத்தை ஆலைக்குள் கைவிரல் நுனியில் வைத்திருக்கிறவர்கள், ஆபீஸ் அறைக்குள் வந்ததும் மறந்துவிடுவதுதான் வியப்பு.

பிரவுசரில் என்ன மாறுகிறது? புதுப் பதிப்பு வெளியாகும் அன்று, பழைய பதிப்பில் எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்ற பட்டியலும் வெளியாகிறது. குரோமுக்கும் எட்ஜுக்கும் அடித்தளமான குரோமியம் திறந்த நிரல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை இருந்த இடம் தெரிந்துவிடும். நேற்று வரை ஒருசிலர் மட்டுமே அறிந்த குறை, இன்று தேடுகிறவர் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆக, அப்டேட் போடாமல் இருப்பவர் இருந்த இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு வெளியீட்டோடும் அவர் பின்னால் தள்ளப்படுகிறார்.

இந்த இடைவெளியைக் கண்டு பயப்படுவது நான் மட்டுமல்ல, பிரவுசரைச் செய்கிறவர்களே பயப்படுகிறார்கள். ஓட்டையை அடைத்த நிரல் பொதுவெளிக்கு வருவதற்கும் அது பயனாளர் கைக்குச் சேர்வதற்கும் நடுவே ஒருகாலத்தில் சராசரியாக 35 நாள் ஆனதாகக் கூகுளே சொன்னது. அதைப் பதினைந்து நாளாகக் குறைத்தார்கள். அதுவும் அதிகம் என்று 2023 ஆகஸ்டில், 116ஆம் பதிப்பிலிருந்து, வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பத் தொடங்கினார்கள். எழுதியவர்களே ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்கிறார்கள். நம் ஆபீஸில் மூன்று வருஷப் பழைய பதிப்பு நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதமே ஓர் உதாரணம் வந்தது. 2023 செப்டம்பரில், வெப்-பி என்ற பட வகையை விரித்துக் காட்டும் நிரலில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை ஆப்பிள் நிறுவனத்தாரும் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களும் தெரிவித்தார்கள். கெட்ட நோக்கத்தோடு செய்த ஒரு படம் வலைப்பக்கத்தில் இருந்தால் போதும். பார்ப்பவர் எதையும் இறக்க வேண்டியதில்லை. அந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஏற்கெனவே தாக்குதல் நடப்பதாகக் கூகுள் ஒப்புக்கொண்டது. குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் அடுத்தடுத்த நாட்களில் திருத்தம் வந்துவிட்டது. வந்ததைப் போட்டவர் தப்பித்தார். சிவகாசியில் படம் பார்க்காத ஆபீஸ் எது? காலண்டர் டிசைன், லேபிள் மாதிரி, வெடிக்கட்டின் அட்டைப்படம், விலைப்பட்டியல் என்று நாள் முழுக்கத் திறப்பதெல்லாம் யாரோ அனுப்பிய படங்கள்தான்.

“நம்மகிட்ட என்ன இருக்குன்னு எவன் வரப்போறான்?” என்பது அடுத்த கேள்வி. என்ன இல்லை? ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வங்கிக் கணக்கு, வெடிபொருள் உரிமத்துக்கான பெசோ தளம், வெளிமாநில வியாபாரிகளின் ஆர்டர் வரும் மெயில், எல்லாம் அந்த ஒரே பிரவுசருக்குள். பாஸ்வேர்டுகளும் அதிலேயே சேமித்திருக்கும். ஓடிபி காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: உள்ளே நுழைந்த பிறகு பிரவுசர் வைத்துக்கொள்ளும் அடையாளத் துணுக்கைத் திருடினால், பல தளங்களில் திருடனிடம் ஓடிபி கேட்கப்படுவதில்லை. வங்கி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியமும் முழுக்கச் சரியில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் அலட்சியத்தால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில்தான்.

நம்பிக்கை தவறு என்றாலும் அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அரசு டெண்டர் தளங்களும் டிஜிட்டல் கையெழுத்தும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் ஜாவாவையும் நம்பி இருந்தன. 2015 செப்டம்பரில் குரோம் ஜாவா போன்ற செருகுநிரல்களைக் கைவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் கைவிட்டது. அப்டேட் போட்ட மறுநாள் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன் வேலை செய்யவில்லை என்றால், கடைசித் தேதியில் ரிட்டர்ன் போட உட்கார்ந்த கணக்குப்பிள்ளைக்கு வயிறு கலங்காதா? தமிழ் எழுத்தும் அப்படித்தான். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்கும்வரை ஆளுக்கொரு எழுத்துரு, பத்திரிகைக்கொரு குறியாக்கம். ஒரு பிரவுசரில் தமிழாகத் தெரிந்தது இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. 2016இல் ஜியோ வரும்வரை டேட்டாவும் காசுதான். டாங்கிளில் ஓடிய ஆபீஸில் ஒரு அப்டேட் ஒரு நாள் நெட்டைத் தின்றுவிடும். தென்கொரியாவே இந்தப் பொறியில் சிக்கியது. 1990களின் இறுதியில் தானே உருவாக்கிய ஒரு குறியாக்க முறைக்காக, நாட்டின் இணைய வங்கிச் சேவை முழுவதையும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரோடு நெடுங்காலம் கட்டிப்போட்டது.

ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. ஜிஎஸ்டிக்கு எம்-சைனர், வருமானவரிக்கு எம்-பிரிட்ஜ் என்று கையெழுத்துப் போடும் வேலை தனி நிரலுக்குப் போய்விட்டது. பிரவுசர் மாறினாலும் டோக்கன் பேசும். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்டே விடை கொடுத்தது. பழைய தளம் ஏதாவது இன்னும் அதைக் கேட்டால், எட்ஜுக்குள் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 2029 வரையாவது அது நீடிக்கும் என்று அறிவித்தும் இருக்கிறார்கள். காரணங்கள் ஒவ்வொன்றாகச் செத்த பிறகும் பயம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அப்டேட்டால் கெடுவதே இல்லையா என்றால், கெடும். 2021 மார்ச்சில், செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூவின் ஒரு திருத்தம் உலகெங்கும் ஜிமெயில் உட்படப் பல செயலிகளை முடக்கியது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான திருத்தம் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது, விமானங்கள் நின்றன. அப்டேட்டை எதிர்ப்பவர்கள் இந்த இரண்டையும் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். சரி, மறுபக்கத்தையும் ஒப்பியுங்கள். 2017 மே 12இல் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் உலகைச் சுற்றியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14ஆம் தேதியே வந்திருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். தவறான அப்டேட் ஊரறிய நடக்கிறது, செய்தவனே ஓடிவந்து சரிசெய்கிறான். திருட்டு சத்தமில்லாமல் நடக்கிறது, சரிசெய்ய யாரும் வருவதில்லை. முதல் வகை நினைவில் நிற்பதால் அதுதான் அதிகம் நடக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

அச்சகத்தாரின் வாதம் மட்டும் மரியாதைக்குரியது. பக்கம் அமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதிலும் பழைய தமிழ் எழுத்துருக்களிலும் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, லேபிள், காலண்டர் கோப்புகளைப் புது விண்டோஸில் திறந்தால் எழுத்து சிதறும், நிரலே ஓடாமலும் போகும். அந்தக் கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள்; ஆனால் அதன் நெட் வயரைப் பிடுங்குங்கள். டிசைன் செய்ய ஒன்று, மெயிலும் வங்கியும் பார்க்க இன்னொன்று. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது; குரோம் அதற்குத் தந்த கடைசிப் பதிப்பு 109. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு எந்த எழுத்துருவும் சாக்காகாது.

புதுசு வாங்கக் காசில்லை என்பதும் பாதிதான் உண்மை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்தாலும், அதில் எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரையாவது திருத்தம் வரும் என்கிறது மைக்ரோசாஃப்ட். 2011இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் சேர்ந்து வந்ததே, நினைவிருக்கிறதா? லினக்ஸ் போட்டால் பழைய கம்ப்யூட்டரிலும் புது ஃபயர்பாக்ஸ் ஓடும். செலவு, சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் ஒரு மத்தியானமும்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பார்க்கும் பக்கத்தின் நடுவில் குதித்து “உங்கள் பிரவுசர் பழசு, இங்கே அழுத்துங்கள்” என்று வருவது பெரும்பாலும் திருட்டு. அப்டேட்டைப் பிரவுசரின் மெனுவுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். புதுப் பிரவுசர் இருந்தால் மோசடியே நடக்காது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஆன்லைனில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்ட பிறகும், தீபாவளி நெருங்கினால் சிவகாசிப் பெயரில் போலித் தள்ளுபடித் தளங்கள் முளைக்கின்றன. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் யோக்கியமான கடை என்று மக்கள் தவறாக நம்பியதால்தான், குரோம் 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஆகவே, புதுப்பிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியையே தூக்கிப் போடுங்கள். அது தானாக நடக்க விட வேண்டிய வேலை. முடக்கி வைத்த அப்டேட்டை இன்றைக்கே திறந்துவிடுங்கள். யோசித்து முடிவெடுக்க வேண்டியவை வேறு: எந்தக் கம்ப்யூட்டர் நெட்டில் இருக்க வேண்டும், எதை எப்போது மாற்றுவது, யார் பொறுப்பு. இவை முதலாளியின் முடிவுகள். சம்பளத்துக்கு இருக்கும் கணக்குப்பிள்ளை தலையில் கட்டக் கூடாதவை. ஆடிப்பெருக்குக்குக் கடை பூஜை போட்டு, காலண்டர் ஆல்பம் வெளியிட்ட பிறகு சீசனில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பது உண்மை. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்கள் இருக்கின்றனவே, கம்ப்யூட்டர் மாற்றுவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கு இந்த வருஷக் கணக்கில் ஒரு வரி எழுதுங்கள். எழுத மனமில்லாதவர், தன்னைச் சிக்கனக்காரர் என்று சொல்லிக்கொள்வதையாவது நிறுத்தட்டும்.