பறங்கியர் விட்டுப்போன பண்பாடா?

மன்னாரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாதை வகுத்தாயிற்று: கோட்டை, பெருக்கமரம், இராமர் அணை, திருக்கேதீஸ்வரம், மடு, நேரம் மிஞ்சினால் வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகள். பறவைகளைப் படமெடுத்தவர்கள் பக்கத்திலிருக்கும் வங்காலை ஊருக்குள் நுழைவதில்லை. வேதக்காரர்களின், அதாவது கத்தோலிக்கரின், ஊரில் பார்க்க என்ன இருக்கிறது, அவர்களுடையது பறங்கியர் விட்டுப்போன பண்பாடு, தமிழ்ப் பண்பாடு வேண்டுமென்றால் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போக வேண்டும் என்பதே எண்ணம். படித்தவர்களும் இதைத் தயங்காமல் சொல்கிறார்கள். இது பொய். நம்மவரில் ஒரு பகுதியினரை அவர்களுடைய சொந்தக் கரையிலேயே விருந்தாளிகளாக்கும் பொய்.

இரவல் வாங்கியதென்றால், தந்தவன் போனதும் அது அழிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்தபோது அந்தத் தீவு போர்த்துக்கேயரின் கையில் இல்லை. அவர்கள் அதைப் பிடித்தது 1560இல். 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டார்கள், வழிபாடு தடை செய்யப்பட்டது. மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை மக்கள் காட்டுவழியே கொண்டுபோய்க் காத்ததுதான் மடுவின் கதை. 1687இல் ஒளிந்து வந்து இம்மக்களைத் தேடிய யோசேப் வாஸ் அடிகளார் ஐரோப்பியர் அல்லர், கோவாவில் பிறந்த இந்தியர். ஒல்லாந்தர் ஆண்ட இந்த நெடுங்காலத்தில் எந்த ஐரோப்பிய அரசும் இக்கரையின் கத்தோலிக்கருக்குத் துணை நிற்கவில்லை. ஆட்சிக்குப் பயந்தோ சலுகைக்கு ஆசைப்பட்டோ இருந்தவர்கள் என்றால், ஒல்லாந்தரின் மதத்துக்கு மாறுவதே அவர்களுக்கு இலாபமாக இருந்திருக்கும்.

அவர்கள் காத்துவைத்தது என்ன என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். மன்னாரின் நாட்டுக்கூத்துக்கு மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு மரபுகள் உண்டு. எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி என்று கதைகள் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றைத் தாங்குபவை விருத்தமும் கொச்சகமும் தருவும். ஆடுபவரைப் பழக்குபவர் அண்ணாவியார், அடிக்கப்படுவது மத்தளம், பிரதி கைமாறியது ஏட்டில். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்த நாடகங்களைப் பதிப்பித்தது இவற்றில் ஈழத்தமிழரின் அரங்கைக் கண்டதால்தான். தவக்காலத்தில் ஊர்ப் பெண்கள் வியாகுலப் பிரசங்கம் படிக்கும்போது கேட்பது நம் ஒப்பாரியின் இழுவை. அந்த நூலை ஒல்லாந்தர் காலத்தில் தமிழில் எழுதியவரும் கோவாக்காரரான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். பேசாலையில் மரச்சிலைகளைக் கொண்டு பாடுகளின் காட்சியை நடத்தும் உடக்குப் பாஸும் இந்தக் கரையோரத்தின் மரபு. தேடி வருகிற பயணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கதை அந்நியமாயிற்றே என்பார்கள். வடமொழியிலிருந்து வந்த இராமன் கதையைக் கம்பன் தமிழாக்கினான். நபிகளின் வரலாற்றை உமறுப்புலவர் சீறாப்புராணமாக்கினார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரின் தேம்பாவணியைத் தமிழ்க் காப்பியமென்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். ஐரோப்பியர் எழுதியது தமிழாகும்போது, வங்காலைக் கடற்றொழிலாளி பாடுவது மட்டும் எப்படி அந்நியமாகும்? கற்றவன் செய்தால் இலக்கியம், கரையோரத்தான் செய்தால் இரவல் என்ற மேட்டிமையைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரத்தை இடித்தவர்களோடுதானே இந்த வேதம் வந்தது என்ற கேள்வியில் உண்மையான வலி இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் இடித்த குற்றம் போர்த்துக்கேயப் பேரரசுடையது. அதை இன்று வலை வீசுகிறவன் தலையில் கட்டுவது, 1544ஆம் ஆண்டுக் கொலைகளுக்கு இன்றைய சைவரைப் பழிப்பதைப் போன்ற அநியாயம். 2019இல் சிவராத்திரிக்கு முன்பு திருக்கேதீஸ்வர வீதி வளைவு தொடர்பாக மூண்ட பிணக்கு இந்தப் பொய் நம்பிக்கையின் விளைச்சல். அங்கே வளைவைப் பிடுங்கிய கத்தோலிக்கரும் அதே நோய் பிடித்தவர்களே. பாடல்பெற்ற தலம் தங்களுக்கும் முதுசொம் என்பதை அவர்களும் மறந்தார்கள்.

போர்க்காலத்தில் யாரும் வங்காலையை அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1985 ஜனவரி 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் கொல்லப்பட்டார். தமிழ் மக்களின் இழப்புகளைப் பட்டியலிடும்போது அவர் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம். சாவில் சேர்த்துக்கொண்டவர்களின் கூத்தையும் பாட்டையும் தமிழ்ப் பண்பாட்டின் கணக்கிலிருந்து தள்ளிவைக்க நமக்கு உரிமை கிடையாது. மன்னாருக்கு வழிகாட்டி எழுதுகிறவர்கள் கோட்டைக்கு ஒதுக்கும் பக்கத்தில் பாதியையாவது அண்ணாவியாருக்குக் கொடுக்கட்டும்.