உயிரோடு இருக்கிறான் என்று எழுதிக்கொடு!

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள். வராந்தாவில் ஒரு அம்மா. மடியில் பத்து வயசுப் பையன், கழுத்து நிற்காது. எச்சில் ஒழுக ஒழுகத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாவற்றுக்கும் நாலு நாலு ஜெராக்ஸ். கொஞ்சம் தள்ளி மனு எழுதித் தருகிறவர். (அவருக்குத் தனிக் காசு.)

இந்தப் பையனால் தனியாக ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது என்பது எதிரே இருக்கும் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது! அதற்கு நிரூபிக்க வேண்டும். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் ஏழுதான், ஆட்டிசம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. நல்ல சட்டம், சந்தேகமே இல்லை. பெயரிலேயே 'உரிமை' இருக்கிறது. ஆனால் உரிமை என்றால் வீடு தேடி வரவேண்டாமா? இங்கே உரிமைக்காரன் அல்லவா டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறான்?

சான்றிதழை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு 5 வயதில், 10 வயதில், 18 வயதில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று இருந்தது. 18-ல் வாங்குவதுதான் ஆயுளுக்கும் செல்லும் என்றார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தை என்று வையுங்கள். பிறக்கும்போதே ஒரு குரோமோசோம் அதிகம். அது என்ன வாடகைக்கு வந்ததா, அஞ்சு வருஷத்தில் காலி பண்ணிவிட்டுப் போக?

"குழந்தை வளர வளர விழுக்காடு மாறுமே, மறுபடி பார்க்கத்தானே வேண்டும்" என்பார்கள். நியாயம்தான். பார்க்கட்டும். ஆனால் குழந்தையை ஏன் தூக்கிக்கொண்டு அலையவிட வேண்டும்? 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வாசலுக்கே வந்தன. மாத்திரை வரும் வாசலுக்கு மதிப்பீடு செய்ய டாக்டர் வர முடியாதா?

இதில் 2024 அக்டோபரில் டெல்லி ஒரு புது விதி போட்டது. முன்பு ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தரவேண்டும் என்று இருந்ததை மூன்று மாதம் ஆக்கினார்கள். அதுகூடப் பரவாயில்லை. மருத்துவ அதிகாரி இரண்டு வருஷத்துக்கு மேல் முடிவே எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? விண்ணப்பம் செத்துப்போகும்! புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தூங்கியது அவர், தண்டனை இவருக்கு.

இனி கணக்குக்கு வருவோம். தூக்குவதற்குத் துணைக்கு வரும் அப்பாவின் ஒரு நாள் கூலி 700 ரூபாய் என்று வையுங்கள். பஸ்ஸில் இந்தப் பையனோடு ஏற முடியாது, ஆட்டோ போக வர 400. ஜெராக்ஸ், போட்டோ, மனு 100. ஒரு நடைக்கு 1200. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நடை, அரசு மருத்துவமனைக்கு ஒரு நடை, அன்றைக்கு டாக்டர் லீவு என்பதால் மறுபடி ஒரு நடை, ஆட்சியர் அலுவலகம் ஒரு நடை. ஆக 4800. கிடைக்கப்போகும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000. இரண்டு மாதத்துக்கு மேலான பணம் கைக்கு வரும் முன்பே காலி.

அதுவும் எல்லாருக்கும் இல்லை. அறிவுசார் குறைபாடு என்றால் 40 விழுக்காடு, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்றால் 75 விழுக்காடு இருக்க வேண்டும். 74 என்று எழுதிவிட்டால்? அந்த ஒரு விழுக்காட்டில் எந்தக் கையை அசைத்துக் காட்டுவான் பையன்?

மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் இன்னும் வேடிக்கை. மாதம் 300 ரூபாய், 2012-ல் வைத்தது. அதற்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 விழுக்காடு வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். குழந்தை என்றால் கணக்கிலேயே இல்லை!

வணிகவியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த இன்னொரு கதவு இருக்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு. (2025-ல் நிறைவேறிய புதிய சட்டத்தில் எண் மாறினாலும் சலுகை உண்டு.) பழைய வரி முறையில் இருக்கும் ஒரு அப்பாவுக்கு 80 விழுக்காடு குறைபாடுள்ள குழந்தை இருந்தால் வருமானத்தில் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் எவ்வளவு செலவானது என்பதைப் பொறுத்துத் தொகை மாறாது. 30 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு செஸ் சேர்த்து 39,000 ரூபாய் மிச்சம். மாதத்துக்கு 3250. அந்த வராந்தா அம்மாவுக்கு வருஷத்துக்கே 24,000. மாதச் சம்பளக்காரருக்கு அரசாங்கம் விட்டுக்கொடுப்பது, கூலிக்காரிக்குக் கொடுப்பதைவிட அதிகம். அந்த அப்பாமேல் ஒரு குற்றமும் இல்லை, அவருக்கும் கஷ்டம்தான், அவரும் சான்றிதழ் வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் வாங்குவதை யாரும் 'இலவசம்' என்று சொல்வதில்லை.

அந்த அம்மா பையன் பிறக்கும் முன் சித்தாள் வேலைக்குப் போனவராக இருந்தால்? நாளைக்கு 500 என்றாலும் 25 நாளைக்கு 12,500. பொருளாதாரப் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று பத்து மார்க் கேள்வியாக வரும். எந்த அரசாணையிலும் வராது.

பணம் இல்லை என்று சொல்ல வேண்டாம். பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6000. முழுக்கப் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. தமிழ்நாட்டைவிடப் பணக்கார மாநிலமா அது?

"போலிச் சான்றிதழ் வந்துவிடும், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி" என்பது கடைசி வாதம். 2024-ல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிமீது போலிக் குறைபாட்டுச் சான்றிதழ் புகார் எழுந்து நாடே பேசியது. அந்தப் புகார் ஐ.ஏ.எஸ். பதவிக்காக. 2000 ரூபாய்க்காகக் குழந்தையின் கழுத்தை யாராவது சாய்த்துப் பிடிப்பார்களா?

இதையெல்லாம் தாண்டி உதவித்தொகை வர ஆரம்பித்தாலும் வாழ்நாள் சான்று என்று ஒன்று பாக்கி இருக்கிறது. பையன் உயிரோடு இருக்கிறான் என்று அந்த அம்மா எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பையன் மடியிலேயே இருந்தாலும், தாள் வேண்டும். அதற்கும் ஒரு ஜெராக்ஸ்.